மூடிய சட்டியும் ஒன்றேகால் கிலோ பாறை மீனும்

நுகர்வோர் ஆய்வு என்பது, அறிமுகமில்லாத வீட்டின் கதவைத் தட்டிவிட்டு, உள்ளிருந்து வருகிறவர் உண்மையைச் சொல்வார் என்று நம்பி வாசலில் நிற்கும் தொழில். இதை எனக்கு முதன்முதலாகச் சொன்னவர் கிரேசி. தூத்துக்குடியில் எங்கள் தெருவிலேயே, ஒரு மருந்துக்கடையின் மாடியில், விளம்பர அலுவலகம் நடத்துகிறவர். நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, வீட்டுக்கு வரும் நாளிதழ்களில் சிவப்பு மையால் பிழை திருத்திக்கொண்டிருந்த காலம் அது. “எழுதுறதுக்கும் படம் போடுறதுக்கும் என்கிட்ட ஆள் இருக்கு டீச்சர். ஜனங்ககிட்ட போய்க் கேக்குறதுக்குத்தான் ஆள் இல்ல” என்றார் அவர். வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவள் நான். உடனே ஒப்புக்கொண்டேன்.

கணக்கெடுப்பு என்றும் கருத்துக் கேட்பு என்றும் தெருத்தெருவாகப் படியேறி இறங்கிய அன்பர்களே! வெயிலுக்கும் நாய்க்கும், ‘அவங்க வீட்ல இல்ல, அப்புறம் வாங்க’ என்னும் மறுமொழிக்கும் பழகிய உங்களுக்கு நான் சொல்லப்போவதில் புதுமை ஏதும் இராது. நாம் மட்டும்தான் இப்படி நின்றோமா என்ற வருத்தமாவது சற்றுக் குறையலாம்.

எனக்கு வாய்த்த முதல் வாடிக்கையாளர், சாத்தான்குளத்தில் மீன் குழம்புப் பொடி அரைத்து விற்கும் செல்வராணி. ஒரு தகரக் கொட்டகை, ஓர் அரவை இயந்திரம், உடன் உழைக்கும் பெண்கள் நால்வர்: இவ்வளவே அவருடைய நிறுவனம். கொட்டகை அவருடைய கணவரின் அண்ணனுக்குச் சொந்தம். கடைகளில் தேங்கிக் கிடக்கும் பொடி கிறிஸ்துமஸுக்குள் விற்காவிட்டால், கொட்டகையைக் காலி செய்து உரமூட்டை அடுக்கக் கொடுத்துவிட வேண்டும் என்று அந்த அண்ணன் சொல்லிவிட்டார். பொடி ஏன் விற்கவில்லை என்று கண்டறிவது என் வேலை. அதை விற்கும்படியான படமும் வாசகமும் படைப்பது, சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்திருந்த அருள் என்னும் இளைஞரின் வேலை.

முழு மதிப்பெண்

வினாத்தாளை நானே தயாரித்தேன். ‘தங்கள் இல்லத்தில் மீன் குழம்புக்குரிய மசாலா எவ்வாறு ஆயத்தம் செய்யப்படுகிறது?’ என்பது முதல் வினா. இன்னும் எளிமையாக இருக்கட்டுமே என்று கிரேசி கேட்டுப் பார்த்தார். இதற்குமேல் எளிமைப்படுத்தினால் அது வினாவாகவே இராது என்று மறுத்துவிட்டேன். எங்கள் பகுதியில் பாதிப் பெண்கள் என்னிடம் படித்தவர்கள். கதவைத் திறந்து என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராக நிற்பார்கள். கேட்ட வினாவுக்குத் தயங்காமல் விடை வரும். ஒரு வீட்டில், உள்ளே ஓடிய மிக்ஸியின் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. “மசாலா எதில் அரைக்கிறாய் சுகந்தி?” என்று நான் உரக்கக் கேட்டேன். “அம்மியிலதான் டீச்சர்!” என்று அவளும் உரக்கவே சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.

அழகாகக் கோடு போட்டு, முடிவுகளை அட்டவணையாக்கிக் கிரேசியிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “அத்தனை பேரும் அம்மியிலதான் அரைக்கிறாங்க, ஒருத்தர்கூடப் பாக்கெட் வாங்குறதில்ல. அப்படின்னா நம்ம ஊர்க் கடையில இருக்கிற மசாலாப் பாக்கெட்டை எல்லாம் யார் டீச்சர் வாங்குறா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. விசாரிக்கலாம் என்று மறுபடியும் சுகந்தியின் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆவலோடு கேட்டாள்: “எல்லாம் சரியாச் சொல்லிட்டேனா டீச்சர்? எனக்கு எத்தனை மார்க்கு?”

அம்மாவின் கைமணம்

அருள் எழுதிய முதல் வாசகம், ‘அம்மாவின் கைமணம், இனி உங்கள் கைகளில்’ என்பது. எனக்குப் பிடித்திருந்தது, வல்லினம் எதுவும் விடுபடவில்லை. மக்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டுவிடலாம் என்றேன். “கேட்டுக் கேட்டு வரைஞ்சா படம் வராது டீச்சர், பட்டியல்தான் வரும்” என்று அருள் முகத்தைச் சுளித்தார். ஆயினும் எடுத்துக்கொண்டு போனேன், இம்முறை என்னிடம் படிக்காதவர்கள் குடியிருக்கும் தெருவாகப் பார்த்து. முதல் வீட்டுப் பெண்மணி வாசகத்தை இரண்டு முறை படித்தார், சிரித்தார், தாளைத் திருப்பிக் கொடுத்தார். “எங்கம்மா வச்ச கொழம்ப எங்கப்பாவே தொட மாட்டாவ. அத என்னத்துக்கு எங்கையில தாரிய?”

தலையில்லாத மீன்

பொடியின் உறையில் ஏற்கெனவே ஒரு மீன் படம் இருந்தது, மங்கலாக. அருள் அதை நீக்கிவிட்டுப் பளிச்சென்று புதிய படம் போட்டார்: ஆரஞ்சு நிறத்தில், எலுமிச்சைத் துண்டோடு, தடித்த மீன் துண்டங்கள். சுவரொட்டியும் அச்சாகிவிட்டது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நானும் அருளும் திரேஸ்புரம் போனோம். கரையில் மீன் விற்கும் மரியபுஷ்பத்தின் முன் விரித்துக் காட்டினேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டார். “ஏளா, இங்கன வந்து பாரு! டீச்சர் சீமை மீனு கொண்டு வந்திருக்காவ.” ஒரு கூட்டமே கூடிவிட்டது. ‘இது எந்தக் கடல் மீன்?’ என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ‘நம் கடல் மீன் அன்று’ என்பதில் இல்லை.

அருள் விட்டுக்கொடுக்கவில்லை. “பாக்க அழகா இருக்குல்லக்கா?” என்றார். “அழகுக்கு மீனு வாங்குனா கண்ணாடித் தொட்டியில விட்டிருவோம் தம்பி. கொழம்புக்கு வாங்குறவ செவுளப் பாக்கணும். இதுல தலையே இல்ல. தலை இல்லாத மீனு என்னைக்குச் செத்துச்சோ, அந்தப் பொடிய என்னைக்கு அரைச்சாவளோ!” என்றார் மரியபுஷ்பம். அருள் அன்றைக்கே ஒரு பாறை மீனின் அருகில் குந்தி, செவுளும் துடுப்பும் செதிலுமாக வரையத் தொடங்கிவிட்டார்.

நான் வேறொரு காரியத்துக்கும் மீன் வாங்க வேண்டியிருந்தது. பொடியின் சுவையில் குறை உண்டா என்று சமைத்துக் கொடுத்துப் பார்க்கத் திட்டம். மரியபுஷ்பம் ஒன்றேகால் கிலோ பாறையை நிறுத்து, துண்டுபோட்டுக் கொடுத்தார். பணத்தை நீட்டினால் வாங்கவில்லை. பந்தயம் வைத்தார். இரு பக்கமும் அவருக்கே ஆதாயமான பந்தயம் அது என்பது வீட்டுக்கு வந்த பிறகே எனக்கு உறைத்தது. “உங்க பொடி வித்துச்சுன்னா எடைக்கு எடை பொடியாத் தாங்க டீச்சர். விக்கலன்னா, ஒரு நாளு இங்கன வந்து, எல்லாரு முன்னாலயும் நீங்க மீன் ஏலம் போடணும்.”

ஆமென்

சுவைச் சோதனையை நாசரேத்தில் என் நாத்தனார் வீட்டில் வைத்தேன். அவருடைய ஜெபக்குழுப் பெண்கள் உண்மை பேசுகிறவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். மூன்று சட்டிகளில் பாறை மீன் குழம்பு. ஒன்றில் செல்வராணியின் பொடி, ஒன்றில் பெரிய நிறுவனம் ஒன்றின் பொடி, ஒன்றில் வீட்டில் வறுத்து அரைத்த மசாலா. எது எது என்று தெரியாதபடி சட்டியின் கழுத்தில் பச்சை, மஞ்சள், நீலம் என்று நாடா கட்டியிருந்தேன். மதிப்பெண் தாளும் எழுதுகோலும் ஆளுக்கொன்று. எல்லாம் முறையாக இருந்தது. நாத்தனார் ஜெபம் செய்தார். சமைத்தவருக்காக, மீன் பிடித்தவருக்காக, கடலுக்காக, நோயுற்றோருக்காக, மின்வாரியத்துக்காக என்று ஜெபம் நீண்டது. ஆமென் சொன்ன பிறகு சாப்பிட்டார்கள். தாள்களைத் திரட்டிப் பார்த்தால் எல்லாரும் எல்லாச் சட்டிக்கும் பத்துக்குப் பத்து.

பணி ஓய்வுக்குப் பின் ஒரு விடைத்தாள் கட்டு என்னை அவ்வளவு சோர்வடையச் செய்ததில்லை. பாத்திரம் கழுவ எடுத்துப்போனபோதுதான் கண்டேன்: மஞ்சள் நாடாச் சட்டியில் பாதிக் குழம்பு கிடந்தது. நீலத்தில் கால்வாசி. பச்சை நாடாச் சட்டியை, அதாவது செல்வராணியின் குழம்பை, சோறு போட்டுப் பிசைந்து வழித்திருந்தார்கள். பொடியில் குறை இல்லை! மகிழ்ச்சி ஒருபுறம், எரிச்சல் ஒருபுறமாக அந்தச் சட்டியை நாத்தனாரின் முன் நீட்டி, “பிறகு ஏன் மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் போட்டீர்கள்?” என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “மார்க்கு ஜெபத்துக்குப் போட்டோம் மைனி. சட்டிய வழிச்சது நாக்கு.”

வெள்ளிக்கிழமை வீடு

கேட்பதைவிடப் பார்ப்பதே மேல் என்று அதன்பின் நான் வினாத்தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்பட்டேன். கார்த்திகை மழை. ஏரலுக்கு அப்பால், தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளையும் ஒரு சிற்றூர். அங்கே மளிகைக் கடை அண்ணாச்சியிடம் பொடி எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். “எங்க போகுது? புரட்டாசியில நின்னது, இனி தையிலதான். செவ்வாய், வெள்ளி எவனும் மீன் படத்த வீட்டுக்குள்ள கொண்டுபோக மாட்டான். இப்பப் பாதி வீட்டுல மாலை வேற போட்டிருக்கு. பேச்சியம்மா ஒருத்திதான் விடாம வாங்குதா” என்றார். சொல்லிக்கொண்டே காலால் எதையோ ஒதுக்கினார். குனிந்து பார்த்தேன். கல்லாவுக்குக் கீழே செல்வராணியின் காலி உறைகள் ஒரு குவியலாகக் கிடந்தன, மீன் படம் மேலே தெரியும்படி. பேச்சியம்மாள் டப்பாவோடு வருவாராம். கடையிலேயே உறையை வெட்டிப் பொடியை டப்பாவில் கொட்டிக்கொண்டு, உறையை இங்கேயே போட்டுவிட்டுப் போவாராம்.

அன்று வெள்ளிக்கிழமை. பேச்சியம்மாளின் வீட்டு முற்றத்தில் கால் வைத்ததுமே நாசரேத்தின் பச்சை நாடாச் சட்டி மணம் வந்தது. அடுப்பில் சட்டி மூடியிருந்தது. மூடியின் ஓரத்தில் ஆவி. உள்ளறையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட கணவர் பாராயணம் செய்துகொண்டிருந்தார். “மாலை போட்ட வீட்டில் மீன் குழம்புப் பொடியா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். “பொடியிலயா மீனு கெடக்கு? மொளகாயும் மல்லியும் சீரகமும்லா கெடக்கு. மீனு அந்தக் கவரு படத்துல கெடக்கு, அதத்தான் கடையிலயே போட்டுட்டு வாரேன்” என்றார் அவர். அப்படியானால் குழம்பில் கத்திரிக்காயா, முருங்கைக்காயா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம் என்று நான் மூடியை நோக்கிக் கையை நீட்டினேன். வகுப்பறையில்கூட என் கையை அப்படி எவரும் தட்டிவிட்டதில்லை. “சட்டிக்குள்ள என்ன கெடந்தா உங்களுக்கு என்ன? அது எங்க வீட்டு வெவகாரம்.”

அருளின் கோபம்

திங்கட்கிழமை கிரேசியின் அலுவலகத்தில் கூடினோம். செல்வராணியும் சாத்தான்குளத்திலிருந்து வந்திருந்தார். புது உறை அச்சடிக்க இது கடைசி வாய்ப்பு. உர மூட்டைகள் வந்து கொட்டகை வாசலில் இறங்கிவிட்டன, உள்ளே வைக்கவில்லை என்பதுதான் பாக்கி. அருள் தமது பாறை மீனை மேசையில் விரித்தார். அன்பர்களே, அது படமாகவே தோன்றவில்லை. செவுள் சிவப்பைக் கண்டால் மரியபுஷ்பமே விலை சொல்லியிருப்பார். அத்தகைய படத்தைப் பார்த்துக்கொண்டே, “மீனே வேண்டாம்” என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. அருளின் முகம் சிவந்துவிட்டது. “சீமை மீன் வேண்டாம்னீங்க, சரி. நம்ம மீனைப் போட்டேன். இப்ப மீனே வேண்டாம்னா? ஆளாளுக்கு வேண்டாம்கிறதை எல்லாம் எடுத்துக்கிட்டே போனா வெறும் கவர்தான் டீச்சர் மிஞ்சும்!” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எது வேண்டாம் என்பதை நான் கண்டுபிடித்திருந்தேன். எது வேண்டும் என்பதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே விளக்கம் எதுவும் கூறாமல், கல்லாவின் கீழ்க் கிடந்த உறைகளையும், பேச்சியம்மாள் என் கையைத் தட்டியதையும், அவர் சொன்ன சொற்களையும் அப்படியே ஒப்பித்தேன்.  அருள் பாறை மீன் படத்தைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் கரித்துண்டால் ஒரு மண்சட்டி வரைந்தார். சட்டிக்கு மூடி. மூடியின் ஓரத்தில் கசியும் ஆவி. ‘மீன்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘குழம்புப் பொடி’ என்று மட்டும் எழுதி, அதன்கீழ் ஒரு வரி சேர்த்தார்: ‘உள்ளே இருப்பது உங்கள் வீட்டு விஷயம்.’

அந்த ஆவியின் மணத்தை முகர்ந்தவள் நான். ஆனால் மூடியை மூடியபடியே வைத்து விற்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்காது. திறந்து பார்க்கத்தானே கை நீட்டினேன். வழக்கம்போல் பிழை தேடினேன், கிடைக்கவில்லை. எல்லாரும் செல்வராணியைப் பார்த்தோம். பொடி அவருடையது, முடிவும் அவருடையதாகவே இருக்க வேண்டும். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அருளைப் பார்த்தார், பழைய உறையைப் பார்த்தார். “மீன எடுத்திரலாம் டீச்சர். யோசிச்சுப் பாத்தா, நான் ஒரு நாளும் பொடியில மீன் போட்டதே இல்லையே.”

எடை

ஏரல் பக்கத்து அண்ணாச்சி கிறிஸ்துமஸுக்கு முன்பே இரண்டாம் முறை சரக்குக் கேட்டு ஆள் அனுப்பினார். கல்லாவுக்குக் கீழே இப்போது அவருடைய செருப்பு மட்டுமே கிடக்கிறது. பேச்சியம்மாள் டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார். கடற்கரையில் விற்குமோ என்றுதான் எனக்கு ஐயம் இருந்தது. அங்கும் போயிற்று. மீனவர் வீட்டுக்கு மீன் படம் காட்டி விற்க முற்பட்டது, ஆசிரியர் வீட்டுக்குப் போய் அரிச்சுவடி விற்பது போன்றது என்று எனக்குப் பின்னர் விளங்கிற்று. செல்வராணியின் கணவரின் அண்ணன் உர மூட்டைகளுக்கு வேறிடம் பார்த்துக்கொண்டார். வாசலில் அவை இருந்த இடத்தில் இப்போது மிளகாய் காய்கிறது.

பந்தயத்தை முடிக்க, செல்வராணியை அழைத்துக்கொண்டு, பொடிப் பாக்கெட்டுகளோடு திரேஸ்புரம் போனேன். மரியபுஷ்பம் தம்முடைய தராசையே எடுத்து வைத்தார். செல்வராணி பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். தராசு ஒன்றேகால் கிலோ காட்டியதும் நான் ‘போதும்’ என்றேன். “எங்க போதும்? கவரு எடையக் கழிக்கணும்லா!” என்றார் மரியபுஷ்பம். கழித்துக் கணக்கிட்டேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. செல்வராணி மேலும் ஒரு பாக்கெட்டை வைத்ததும் இருவரும் சிரித்துவிட்டார்கள். வீட்டு நிலைக்கண்ணாடியின் முன் நின்று, குரலை உயர்த்தி, நான் மீன் ஏலம் கூறிப் பழகியிருந்ததை எவரிடமும் சொல்லவில்லை. எப்படியோ மரியபுஷ்பத்துக்குத் தெரிந்திருந்தது. “தீந்துது டீச்சர், இனி ஒண்ணுமில்ல. ஆனா ஏலம் கூவப் படிச்சு வச்சிருக்கியள்லா, அத வீணாக்காதிய. நாளைக்குக் காலையில வாங்க, நம்ம பாறைக்கு நீங்களே வெலை சொல்லுங்க.”

மக்கள் வாய்ச்சொல்லை மாற்றாமல் கேட்டு வருவது ஆய்வு, அதையே அவர்கள் அறியாத அழகோடு அவர்களிடம் திருப்பிக் கொடுப்பது விளம்பரம் என்று நான் கற்றுத் தேர்வதற்கு ஆன செலவு, உறையின் எடை நீங்கலாக, சரியாக ஒன்றேகால் கிலோ.